வீட்டுத் தோட்டத்திற்கு எருநீர்: செய்முறையும் அளவும்

வீட்டின் பின்புறத்தில் இரண்டு சென்ட் நிலமும், குளித்த நீரும் துலக்கிய நீரும் அல்லாத ஒரு குடம் நல்ல தண்ணீரும் கிடைக்குமாயின், நெசவாளர் குடும்பம் ஒன்று தனக்கு வேண்டிய கீரை, கத்தரி, மிளகாய், அவரை ஆகியவற்றில் பெரும்பகுதியை விலை கொடுக்காமலே பெறலாம். விவசாயிகளின் வீடுகளில் நிலத்திற்குக் குறைவில்லை. ஆயினும் காட்டிலும் தோட்டத்திலும் செலுத்தும் கவனத்தை வீட்டுக் கொல்லையில் செலுத்துவோர் மிகச் சிலரே. இவ்விரு வகையினரும், செடி வாடுவதையோ இலை வெளுப்பதையோ கண்டவுடன் கடைக்குச் சென்று திரவ உரம் ஒரு புட்டி வாங்கி வருவது இப்போது வழக்கமாகி வருகிறது. அப்புட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதியை, தொழுவத்திலும் செக்கடியிலும் வேலியோரத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நாமே செய்துகொள்ள இயலும்.

எருநீர் தயாரிக்கும் முறைகள் பல உள. அவற்றைச் சொல்லித் தருவோரும் பலர். ஆனால் எவ்வளவு இடுவது, எப்போது இடுவது, எதை எதிர்பார்ப்பது என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்வோர் குறைவு. முறை தெரிந்து அளவு தெரியாதவர் செடியைக் கருக்கிவிடுகிறார். அல்லது எருநீரையே முழு உணவென நம்பி நிலத்தைப் பட்டினி போடுகிறார். ஆகவே இப்பாடத்தில் செய்முறையோடு கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

செடி உண்ணும் விதம்

செடிக்கு மிகுதியாக வேண்டிய சத்துகள் மூன்று என்பதை நாம் அறிவோம். இலையும் தண்டும் வளரத் தழைச்சத்து; வேர் ஊன்றவும் பூத்துக் காய்க்கவும் மணிச்சத்து; காய் திரளவும் நோயைத் தாங்கவும் சாம்பல்சத்து. இவற்றோடு சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம், இரும்பு, துத்தநாகம் முதலியனவும் சிறு அளவில் வேண்டும். இவை எல்லாவற்றையும் வேர் நீரில் கரைந்த நிலையில்தான் உறிஞ்சுகிறது. ஒரு கூடை தொழு உரத்தை இட்டால், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கரையும் பொருளாக்கிய பிறகே அது செடிக்குப் பயன்படும். இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். எருநீரில் இச்சிதைவின் ஒரு பகுதி தொட்டியிலேயே நடந்துவிடுகிறது. ஆதலால் அது விரைந்து பலன் தருகிறது.

விரைந்து வருவது விரைந்தே தீரும் என்பதையும் மறத்தலாகாது. தொழு உரம் களஞ்சியத்தில் உள்ள நெல்லைப் போன்றது. எருநீர் இலையில் பரிமாறிய சோற்றைப் போன்றது. சோறு அன்றைய பசியைத் தீர்க்கும்; அதனால் களஞ்சியம் நிறையாது. மண்ணின் பொலபொலப்பையும் நீரைப் பிடித்து வைக்கும் தன்மையையும் தருவது மக்கிய எருவே. எருநீர் அதற்குத் துணையாகுமே அன்றி மாற்றாகாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்னும் விதியை, ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தார். சாம்பல்சத்து குறைந்த செடிக்குத் தழைச்சத்தை வாளி வாளியாக ஊற்றினாலும் பயனில்லை. ஆகவே ஊற்றுவதற்கு முன் இலையைப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலைகளின் ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்தால் சாம்பல்சத்துக் குறைவு என்று ஐயுறலாம். நுனியிலுள்ள இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருத்தல் கூடும். கொங்கு நாட்டின் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது சாதாரணம். இதனை எருநீர் தீர்க்காது. மண் பரிசோதனை செய்து அதற்குரிய பரிகாரம் தேடுவதே முறை.

பொருள்களும் அவற்றின் சத்தும்

நம் கைக்கு எட்டும் பொருள்களில் தழைச்சத்து ஏறக்குறைய எவ்வளவு உள்ளது என்பதை முதலில் மனத்தில் கொள்வோம். நூறு பங்கு எடையில்:

கடலைப் புண்ணாக்கு: 7 பங்கு
வேப்பம் புண்ணாக்கு: 5 பங்கு
ஆமணக்குப் புண்ணாக்கு: 4 பங்குக்குச் சற்று மேல்
மாட்டுச் சிறுநீர்: 1 பங்கு
புதுச் சாணம்: அரைப் பங்குக்கும் குறைவு

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்வதாயின், யூரியாவில் இது 46 பங்கு. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் உள்ள தழைச்சத்து 70 கிராம். அது சுமார் 150 கிராம் யூரியாவில் உள்ள அளவே. இதனால் புண்ணாக்கு தாழ்ந்தது என்பது பொருளன்று. புண்ணாக்கில் மற்றச் சத்துகளும் உண்டு; மண்ணின் உயிர்களுக்கு இரையும் உண்டு. ஆயினும் கணக்கைத் தெரிந்துகொண்டு செயலில் இறங்குவதே அறிவுடைமை.

தொழுவத்திலிருந்து ஓடிப்போகும் செல்வம்

மேற்கண்ட பட்டியலில் விலையின்றிக் கிடைப்பன இரண்டு. அவற்றுள் சாணத்தை நாம் போற்றிச் சேர்க்கிறோம். சிறுநீரையோ மண்ணில் ஊற விட்டுவிடுகிறோம். மாடு தின்னும் தீனியில் உள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சாணமும் சிறுநீருமாக வெளியே வந்துவிடுகிறது. அதிலும் விரைவில் பயன்படும் பகுதி சிறுநீரில்தான் மிகுதி.

ஒரு மாடு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் சிறுநீர் விடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் தழைச்சத்து 50 கிராம். ஓர் ஆண்டில் 18 கிலோ. இஃது ஏறக்குறைய 40 கிலோ யூரியாவுக்குச் சமம். ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பம் ஆண்டுதோறும் ஒரு மூட்டை அளவு உரத்தைத் தொழுவத்து மண்ணில் கொட்டி வருகிறது என்பதே இதன் பொருள்.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தொழுவத்தின் தரையைக் கல் பாவியோ சிமென்ட் பூசியோ ஒரு பக்கமாகச் சரிவு வைத்து, கோடியில் ஒரு சாலையோ பானையையோ புதைத்து வைத்தால் போதும். அதுவும் இயலாதவர்கள் மாடு படுக்கும் இடத்தில் காய்ந்த சருகு, கடலைப்பொட்டு, சோளத்தட்டைத் துண்டு ஆகியவற்றைப் பரப்பி, அவை நனைந்ததும் எருக்குழியில் சேர்க்கலாம்.

சேர்த்த சிறுநீரை அப்படியே செடிக்கு ஊற்றலாகாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, ஈரமான மண்ணில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊற்ற வேண்டும். சாம்பல் நல்லது என்று எண்ணிச் சிறுநீரில் சாம்பலைக் கலப்போர் சிலர் உளர். சாம்பலின் காரத்தன்மையால் தழைச்சத்து நவச்சார வாயுவாகக் காற்றில் போய்விடும். கலந்தவுடன் மூக்கில் ஏறும் நெடியே அதற்குச் சாட்சி. சாம்பலைத் தனியே, வேறொரு நாளில், மண்ணில் தூவுதலே தக்கது.

புண்ணாக்கு ஊறல்

மாடு இல்லாத நெசவாளர் வீடுகளுக்கு ஏற்றது இது. வேண்டுவன: புண்ணாக்கு ஒரு கிலோ, நீர் பத்து லிட்டர், இருபது லிட்டர் பிடிக்கும் மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி, கிளறுவதற்கு ஒரு கோல், வாயைக் கட்ட ஒரு துண்டு காடாத் துணி. நுரை பொங்கி எழுவதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

புண்ணாக்கை இடித்துத் தூளாக்கி நீரில் இட்டு நிழலில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் நன்றாகக் கிளறிவிட வேண்டும். கிளறுவது வெறும் சடங்கன்று. கிளறும்போது பிராணவாயு நீரில் கலக்கிறது. அது கிடைக்காவிடில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகிக் கந்தக வாயுவின் துர்நாற்றத்தை உண்டாக்குகின்றன. புளித்த வாடை இருப்பது இயல்பு. அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தால் கிளறியது போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம். வெயிற்காலத்தில் நான்கைந்து நாளிலும், பனிக்காலத்தில் ஒரு வாரத்திலும் நுரை அடங்கும். அப்போது வடிகட்டிப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் மண்டியை எருக்குழியில் சேர்க்க வேண்டும்.

வாயைத் துணியால் கட்டுவதே போதும். புட்டியில் ஊற்றி இறுக மூடி வைத்தால் உள்ளே உண்டாகும் வாயுவால் புட்டி வெடிக்கும். துணி கட்டாமல் விட்டாலோ கொசு முட்டையிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவில் உள்ள 70 கிராமில் பாதி கரைந்ததாக வைத்துக்கொண்டால், ஊறலின் ஒவ்வொரு லிட்டரிலும் தழைச்சத்து மூன்றரை கிராம் இருக்கும். ஒரு லிட்டர் ஊறலுடன் ஒன்பது லிட்டர் நீர் சேர்த்தால், ஒரு லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம் அளவு ஆகிறது. செடி தாங்கக்கூடிய அளவு இதுவே. நீர் சேர்க்காமல் ஊற்றினால் என்ன நேரும்? மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் மாங்காயின் நீர் வெளியே கசிந்து வருவதைச் சமையலறையில் நாம் காண்கிறோம். மிகையான உப்பும் சத்தும் வேரைச் சூழ்ந்தபோதும் அவ்வாறே வேரின் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. செடி கருகுவதன் காரணம் இதுவே. கருகிய செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊறலை ஊற்றுவோர் உண்டு. அவர்கள் ஊற்ற வேண்டியது நல்ல நீர் மட்டுமே.

எந்தப் புண்ணாக்கு என்ற கேள்விக்கு விடை வீட்டு நிலைமையைப் பொறுத்தது. மாடு உள்ளவர் கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கே வைப்பது சிக்கனம். பாலும் கிடைக்கும், சத்தின் பெரும்பங்கு சாணத்திலும் சிறுநீரிலும் திரும்பியும் வரும். மாடு இல்லாதவர் வேப்பம் புண்ணாக்கையோ ஆமணக்குப் புண்ணாக்கையோ பயன்படுத்தலாம். ஆமணக்குப் புண்ணாக்கில் கொடிய நச்சுப்பொருள் உண்டு. ஆதலால் அந்த வாளியும் தூளும் மாடு, ஆடு, நாய், குழந்தை எவருக்கும் எட்டாத இடத்தில் இருத்தல் மிக மிக அவசியம்.

சாணக் கரைசல்

ஐந்து கிலோ மக்கிய தொழு உரத்தையோ சாணத்தையோ ஒரு கோணிச் சாக்கில் கட்டி, ஐம்பது லிட்டர் நீருள்ள தொட்டியில் அமிழ்த்தி வைக்க வேண்டும். நாள்தோறும் சாக்கை இரண்டு மூன்று முறை அழுத்திவிட வேண்டும். நான்கைந்து நாளில் நீரின் நிறம் கறுக்கும். அதனுடன் சம அளவு நீர் சேர்த்தால் பால் கலவாத தேநீரின் நிறம் வரும். வளர்ந்த செடிக்கு அந்த நிறமே அடையாளம். இளஞ்செடிக்கு இன்னும் ஒரு மடங்கு நீர் சேர்க்கலாம். சாக்கில் எஞ்சியது எருக்குழிக்கு.

இக்கரைசலில் தழைச்சத்து புண்ணாக்கு ஊறலைவிடக் குறைவு; ஆனால் நுண்ணுயிர்கள் மிகுதி. அந்த நுண்ணுயிர்களுள் மனிதருக்கு நோய் தருவனவும் இருத்தல் கூடும். குடற்புழுவின் முட்டைகளும் இருத்தல் கூடும். அமெரிக்க நாட்டின் இயற்கை வேளாண்மை விதிகளின்படி, மக்காத சாணம் இட்ட நிலத்தில், மண்ணைத் தொடும் உணவுப் பொருள்களை 120 நாள் கழிந்த பிறகும், மண்ணைத் தொடாதவற்றை 90 நாள் கழிந்த பிறகுமே அறுவடை செய்ய வேண்டும். நமது சிறுகீரையோ 25 அல்லது 30 நாளில் பறிக்கப்படுவது. கொத்தமல்லித் தழையைப் பச்சையாகவே உணவில் தூவுகிறோம். ஆகவே கீரைப் பாத்திகளுக்கும், பச்சையாக உண்ணும் வெள்ளரி, முள்ளங்கி, கொத்தமல்லி ஆகியவற்றுக்கும் புதுச் சாணக் கரைசலை அறவே தவிர்க்க வேண்டும். வாழை, முருங்கை, மல்லிகை, தென்னம்பிள்ளை ஆகியவற்றுக்குத் தடையில்லை. கையில் காயம் உள்ளவர் சாணக் கரைசலைத் தொடாதிருத்தல் நலம். தொட்டவர் எவராயினும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

தழை ஊறலும் சமையலறைக் கழிவும்

வேலியில் நிற்கும் கிளைரிசிடியா, அகத்தி, புங்கம், காட்டில் முளைக்கும் கொழிஞ்சி, ஆவாரை ஆகியவற்றின் தழையை நறுக்கி, தொட்டியில் அடைத்து, மூழ்கும் அளவு நீர் விட்டு இரண்டு வாரம் ஊறவைத்து, ஐந்து பங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். இதில் சத்துக் குறைவு, நாற்றம் அதிகம். இடமும் தழையும் தாராளமாக உள்ளவர்கள் அத்தழையை நேரே மூடாக்காகப் பரப்பினால் உழைப்பு மிச்சமாகும்.

அரிசி களைந்த நீரைப் புளிக்க வைக்க வேண்டியதில்லை. அன்றன்றே செடிக்கு ஊற்றிவிடலாம். மாடு உள்ள வீட்டில் அது கழுநீர்த் தொட்டிக்கே உரியது. வாழைப்பழத் தோலில் சாம்பல்சத்து உண்டு. ஆனால் நாலைந்து தோலை நீரில் போட்டு அந்நீரைப் பேருரமாகக் கருதுதல் வீண். அதனை நறுக்கி மண்ணில் புதைப்பதே போதும்.

ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும்

இவ்விரண்டையும் பற்றி அங்கத்தினர்கள் அடிக்கடி வினவுகின்றனர். ஆகவே இவற்றை நடுநிலையோடு ஆராய்வோம்.

ஜீவாமிர்தத்தைப் பரப்பியவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர். 200 லிட்டர் நீரில் சாணம் 10 கிலோ, மாட்டுச் சிறுநீர் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி மண் ஆகியவற்றைக் கலந்து, இரண்டு நாள் நிழலில் வைத்துக் கிளறி, ஓர் ஏக்கருக்கு இடுவது முறை. இதில் உள்ள தழைச்சத்தைக் கூட்டிப் பார்ப்போம். சாணத்தில் 40 கிராம், பத்து லிட்டர் சிறுநீரில் 100 கிராம், பயறு மாவில் 70 கிராம். ஆக 210 கிராம். நான்கு மாத நெற்பயிருக்கு மாதம் இருமுறை வீதம் எட்டு முறை இட்டால் ஒரு கிலோ 680 கிராம். ஒரு டன் நெல் விளைய, நெல்லும் வைக்கோலுமாக நிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து 15 முதல் 20 கிலோ.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்தால் உண்மை விளங்கும். ஜீவாமிர்தம் மட்டுமே பயிருக்கு உணவாக இருக்க இயலாது. பாலேக்கரும் அதனை உணவென்று கூறவில்லை. மண்ணின் நுண்ணுயிர்களைத் தூண்டும் பொருளென்றே கூறினார். மூடாக்கையும் பயறுவகை ஊடுபயிரையும் அதனுடன் சேர்த்தே வற்புறுத்தினார். அவற்றை விடுத்து, தொழு உரத்தையும் நிறுத்திவிட்டு, பீப்பாய்க் கரைசலை மட்டும் நம்பும் விவசாயியின் நிலம் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கும். விளைச்சல் குறைந்த பிறகு கடன் வாங்குவதைவிட, முன்னரே கணக்குப் பார்ப்பது எளிது.

பஞ்சகவ்யத்தைப் பயிர்களுக்கு ஏற்றவாறு வகுத்துப் பரப்பியவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன். சாணம் 7 கிலோவும் நெய் 1 கிலோவும் பிசைந்து மூன்று நாள் வைத்து, பின்னர்ச் சிறுநீர் 10 லிட்டர், நீர் 10 லிட்டர் சேர்த்துப் பதினைந்து நாள் கிளறி, அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் பழம் 12 ஆகியவற்றைச் சேர்ப்பர். முப்பது நாளில் தயாராகும். நூறு லிட்டர் நீருக்கு மூன்று லிட்டர் வீதம் கலந்து இலைமேல் தெளிப்பது வழக்கம். இவ்வாறு தயாரான முப்பது லிட்டர், ஆயிரம் லிட்டர் தெளிப்புநீருக்குப் போதும். இரண்டு சென்ட் தோட்டத்திற்கு இவ்வளவு தேவையில்லை. நான்கைந்து குடும்பங்கள் கூடித் தயாரித்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஆயினும் ஒரு வார்த்தை சொல்லாதிருக்க இயலாது. பாலும் நெய்யும் முதலில் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், முதியோருக்கும் உரியவை. வீட்டில் அவர்களுக்குப் பற்றாதபோது அவற்றைச் செடிக்கு ஊற்றுமாறு எந்தச் சாஸ்திரமும் நம்மைக் கேட்கவில்லை. புண்ணாக்கு ஊறலே அந்த வீட்டுக்கு ஏற்றது.

அளவும் காலமும்

1. நாற்று நட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழிந்து, வேர் பிடித்த பின்னரே தொடங்க வேண்டும். முதல் முறை பாதி வலிமை போதும்.

2. கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, செடிக்கு ஒரு லிட்டர் வீதம், நீர் சேர்த்த புண்ணாக்கு ஊறல். காய்ப்பு தொடங்கியதும் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலை மண்ணில் தூவிக் கிளறலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் சாம்பலைத் தவிர்க்க.

3. சுரை, பூசணி, பீர்க்கு: குழிக்கு இரண்டு மூன்று லிட்டர். பூ வந்த பின் மிகையாக ஊற்றினால் கொடி ஓடும், காய் நிற்காது.

4. அவரை, கொத்தவரை: இவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளின் வழியே தாமே சேர்த்துக்கொள்பவை. தொடக்கத்தில் ஒருமுறை போதும்.

5. கீரை: விதைத்த இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, பாதி வலிமையில் புண்ணாக்கு ஊறல், மண்ணில் மட்டும்.

6. தொட்டிச் செடிகள்: உப்பு தேங்கும் இடம் ஆதலால் எப்போதும் பாதி வலிமை. மாதம் ஒருமுறை அடித்துளை வழியே நீர் வழிந்தோடும்படி நல்ல நீரை விட வேண்டும்.

காலையிலோ மாலையிலோ, மண்ணை முதலில் நனைத்துவிட்டுப் பூவாளியால் ஊற்றுதல் நன்று. மழை வரும் நாளில் ஊற்றினால் சத்து அடித்துச் செல்லப்படும். இலைமேல் தெளிப்பவர் காடாத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டாவிடில் தெளிப்பானின் துளை அடைபடும். குடிநீர்க் கிணற்றின் அருகில் தொட்டி வைக்கவோ கழிவை ஊற்றவோ கூடாது.

நெசவாளர் மறக்கலாகாத எச்சரிக்கை

தறி வீடுகளில் இரண்டு வகை நீர் மிஞ்சுகிறது: பாவுக்குக் கஞ்சி போட்ட நீர் ஒன்று, சாயமிட்ட நீர் மற்றொன்று. அரிசிக் கஞ்சியும் சிறிது எண்ணெயும் மட்டுமே கலந்த நீராயின், எருக்குழியில் சருகின்மேல் ஊற்றலாம். செடியின் வேரில் ஊற்றினால், மாவுப்பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வதால் செடி சில நாள் வெளுக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்த கஞ்சியை எருக்குழியிலும் ஊற்றலாகாது.

சாயநீரோ முற்றிலும் வேறு. நீர்த்துவிட்டால் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். சாயம் ஏற்றச் சேர்க்கும் உப்பும், சோடாவும், காஸ்டிக்கும் நீருடன் மண்ணில் இறங்கித் தங்கிவிடுகின்றன. அவற்றிலுள்ள சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் மண்ணை மாற்றிவிடுகிறது. நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் கட்டி முடித்த அணை, பாசனத்திற்கு உதவுவதற்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அதனைச் சூழ்ந்த கிணறுகளும் நிலங்களும் பட்ட பாடு அப்பகுதி அங்கத்தினர்கள் அறிந்ததே. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எட்டும் வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. பெரிய அளவில் ஆற்றுக்கு நேர்ந்தது சிறிய அளவில் கொல்லைக்கும் நேரும். கஞ்சிப்பானை, சாயத்தொட்டி ஆகியவற்றை எருநீர் ஊறவைக்கப் பயன்படுத்துவதும் தகாது.

கூடிச் சோதித்தல்

எருநீரால் பலன் உண்டா என்பதைப் பிறர் சொல்லக் கேட்பதைவிட நாமே அளந்து அறிவது மேல். ஒரே நாளில் நட்ட ஆறு கத்தரிச் செடிகளைத் தேர்ந்துகொள்வோம். ஆறுக்கும் ஒரே அளவு தொழு உரம், ஒரே அளவு நீர். சீட்டுப் போட்டு மூன்றைத் தேர்ந்து, அவற்றுக்கு மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு லிட்டர் எருநீர். எஞ்சிய மூன்றுக்கு அதே நாளில் ஒரு லிட்டர் வெறும் நீர். செடிக்கு ஒரு குச்சி நட்டு அடையாளமிட்டு, பறிக்கும் ஒவ்வொரு காயையும் நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் இவ்வாறு செய்தால் போதும்.

ஒரு வீட்டின் ஆறு செடிகளைக் கொண்டு முடிவு கூறுதல் சரியாகாது. ஒரு செடியில் புழு விழுந்தாலே கணக்கு மாறிவிடும். ஆனால் இருபது அங்கத்தினர் இதே முறையில் செய்து கணக்கை ஒன்று சேர்த்தால் 120 செடிகளின் கணக்கு கிடைக்கிறது. தனி ஒருவர் செய்ய இயலாததைப் பலர் சிறிது சிறிதாகச் செய்து முடிப்பதே கூட்டுறவின் பயன். புண்ணாக்கை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது ஒரு வகைச் சிக்கனம்; அறிவைப் பகிர்ந்துகொள்வது அதனினும் பெரிய சிக்கனம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எருநீரும் தொழு உரமும் எவ்வகையில் வேறுபடுகின்றன? ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாதது ஏன்?

2. உங்கள் ஊரில் எத்தனை மாடுகள் உள்ளன? அவற்றின் சிறுநீரில் ஆண்டுக்கு எவ்வளவு தழைச்சத்து வீணாகிறது? கணக்கிடுக.

3. இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கை இருபது லிட்டர் நீரில் ஊறவைத்தால், பாதி கரைவதாகக் கொண்டு, ஒரு லிட்டரில் உள்ள தழைச்சத்து எவ்வளவு? செடிக்கு ஏற்ற அளவாக்க எத்தனை பங்கு நீர் சேர்க்க வேண்டும்?

4. கீரைப் பாத்திக்குப் புதுச் சாணக் கரைசல் ஏன் ஆகாது?

5. உங்கள் பகுதியில் சாயநீர் எங்கே செல்கிறது? அதனருகில் உள்ள கிணற்று நீரை எவரேனும் பரிசோதித்ததுண்டா?

6. மேற்கூறிய கத்தரிச் சோதனையை நடத்த உங்கள் சங்கத்தில் முன்வருவோர் எத்தனை பேர்? தராசும் நோட்டும் யார் பொறுப்பு?